வரிசையிலிருந்து எடுத்த பானை

நைனா சக்தி,

நேத்து சாயங்காலம் காவலூர்ல ஜீப்பை ஓரம் கட்டிட்டு டீ குடிச்சிட்டு இருந்தப்ப உன் மெசேஜ் வந்துச்சு. "அப்பா, பாஸ்போர்ட்டுக்கு சர்நேம் கேக்குறாங்க. இன்னா போட?" அவ்ளோதான். ஆடித் திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில முதல் பஸ்ல ஏறிப் போனவன், மாசி பொறந்தும் எனக்கு ஒரு போன் இல்ல, ஒரு சேதி இல்ல. உங்கம்மாகிட்ட மட்டும் பேசுவ. நான் பக்கத்துல வர்ற சத்தம் கேட்டா "சரிம்மா, வேலை இருக்குது"ன்னு வச்சுடுவ. எழுதினதும் எழுதின, சாப்டியான்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதினா கை தேஞ்சா போயிடும்? எனக்கு வந்த கோவத்துக்கு "உன் தலையைப் போடுடா"ன்னு பதில் அனுப்பலாம்னு பார்த்தேன். அப்புறம் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிச்சேன். நீ குத்திக் காட்டுறதுக்குக் கேக்கல, நிசமாவே தெரியாமத்தான் கேக்குறன்னு புரிஞ்சுது. வண்டியில ஏறி உக்காந்து அழுதேன். சவாரிக்கு நின்ன ரெண்டு பேரும் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. பார்க்கட்டும்.

போன்ல தட்டித் தட்டி எழுத எனக்கு வராது. இதைப் பேப்பர்ல எழுதுறேன். உங்கம்மா போட்டோ புடிச்சு அனுப்புவா, எல்லாத்தையும் அவளும் படிப்பா. நீ உன் ரூம்ல இருக்கிறவங்களுக்குக் காட்டுறதா இருந்தாலும் காட்டு. மறைக்கிறதுக்கு நம்மகிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதையும் நான் சாமி முன்னாடி, அத்தனை பேரு முன்னாடி சொல்லியாச்சு. அதனால தெரியாதவன் படிச்சாலும் புரியற மாதிரியே எழுதுறேன். உனக்குத் தெரிஞ்சதையே திரும்பச் சொன்னா பல்லைக் கடிச்சிட்டுப் படி. உனக்குத் தெரியாதது கடைசியில வருது.

போன வருசம் பொங்கலுக்கு நீ ஓசூர்ல இருந்து வந்திருந்த. போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டின. ஒரே சர்நேம் இருக்கிற பேர் பெத்த ஆளுங்களை எல்லாம் யாரோ வேலை மெனக்கெட்டு ஒண்ணாப் போட்டு வச்சிருந்தாங்க, அவங்கவங்க வம்சத்தைத் தேடுறவங்களுக்கு ஆவும்னு. ஒருத்தன் பந்து ஆடுறவன், ஒருத்தி பாட்டுப் பாடுறவ, ஒருத்தர் ஜட்ஜு, ஒருத்தன் குதிரை மேல உக்காந்து சண்டை போட்டவன். நாடு வேற, நெறம் வேற, மூஞ்சி வேற. கடைசிப் பேரு மட்டும் ஒண்ணு. "இவங்கள்லாம் அண்ணன் தங்கச்சியாப்பா? பேரு ஒண்ணா இருந்தா ரத்தமும் ஒண்ணா?"ன்னு கேட்ட. நீ எதுக்கு அடி போடுறன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி, "ஏன், நம்ம கோலான் வகையறாவுல மட்டும் பேர் பெத்தவங்க இல்லையா?"ன்னு ஆரம்பிச்சேன். ஒரே ஆட்டை ஒரே சந்தையில ரெண்டு பேருக்கு வித்துட்டு ரெண்டு பேரு கூடவும் உக்காந்து சோறு தின்னவரைச் சொன்னேன். மலைக்கு ரோடு கேட்டு அதிகாரி வண்டிக்குக் குறுக்க படுத்து, படுத்த எடத்துலயே அசந்து தூங்கி, செத்துட்டான்னு பயந்துபோய் அவங்க ரோடு போட்டுக் குடுத்த கதையைச் சொன்னேன். நீ வயித்தைப் புடிச்சிட்டு சிரிச்ச. சிரிச்சு முடிச்சிட்டு, "அப்பா, ரேவதியும் கோலான். அதுக்கு இன்னா பண்றது?"ன்ன.

மலைக்கு வெளிய இருக்கிறவங்களுக்கு இது ஒரு விசயமாவே தெரியாது. எங்க பக்கம் ஒரே வகையறாப் பேரு இருக்கிறவங்க எல்லாம் பங்காளிங்க. எந்தக் காட்டுல, எந்த ஊர்ல இருந்தாலும் சரி, கோலான் வூட்டுப் பையனுக்குக் கோலான் வூட்டுப் பொண்ணு தங்கச்சி. பொண்ணு கேக்குறது இல்ல, கண்ணெடுத்துப் பார்க்கிறதே தப்பு. ரேவதியோட அப்பன் முருகேசன் என்னைவிடச் சின்னவன், என்னை அண்ணேன்னு கூப்புடுவான். புளி உலுக்குற நாள்ல ரெண்டு வூடும் ஒண்ணாத்தான் உலுக்கும். ரேவதி பேசத் தெரிஞ்ச நாள்ல இருந்து என்னைப் பெரியப்பான்னுதான் கூப்புட்டா. சாமை அரைக்கிற மில்லுல வேலைக்குச் சேர்ந்தப்புறம் தினமும் என் ஜீப்லதான் போவா வருவா. நீ லீவுல வந்தா அதே நேரத்துக்கு நீயும் வண்டியில ஏறுவ. மத்த சனங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு வாயாடிட்டு வரும். நீங்க ரெண்டு பேரு மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம உக்காருவீங்க. அண்ணன் தங்கச்சி அவ்ளோ ஜாக்கிரதையா உக்கார மாட்டாங்க நைனா. எனக்குக் கண்ணாடியிலேயே தெரிஞ்சுபோச்சு.

தெரிஞ்ச அன்னிக்கு நான் உன்னைப் பாதி வழியில எறக்கி விட்டேன். நல்ல மழை. "நடந்து வாடா, புத்தி வரும்"னு கத்திட்டு வண்டியை எடுத்தேன். நீ வூடு வந்து சேர்ந்தப்ப ஒடம்பெல்லாம் சேறு. உங்கம்மா என்னைத்தான் திட்டினா. மூணு நாள் எனக்குச் சோத்தைத் தட்டுல வைக்கிற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் உன் மேல எனக்குக் கோவம் நிக்கல. ரேவதி நல்ல பொண்ணு. நான் மட்டும் வேற பேர்க்காரனா இருந்திருந்தா, நானே மொத ஆளாப் போய் முருகேசன்கிட்ட பொண்ணு கேட்டிருப்பேன். இதை உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். சொல்ற பழக்கம் நமக்கு இல்லாம போச்சு.

அதனாலதான் நீ "வம்சம் எழுதப் போறேன்பா, ஊர் ஊராப் போய் கேக்கணும்"னு நின்னப்ப, டீசல் போட்டு நானே ஓட்டிட்டு வந்தேன். எனக்கு வரலாறு மேல திடீர்னு ஆசை வந்துடுச்சுன்னு நெனச்சியா? முருகேசன் வழியும் நம்ம வழியும் எங்கயாவது ஒரு எடத்துல ஒட்டாம போகாதான்னு நானும் சேர்ந்துதான் தேடினேன். கேட்ட எடமெல்லாம் ஒட்டுச்சு. ஒவ்வொரு கெழவனும் ஆர்வமாச் சொல்லச் சொல்ல உன் மூஞ்சி செத்துட்டே வந்துச்சு. கடைசியா நெல்லிவாசல்நாட்டுல எங்க ராமக்கா அத்தை வூட்டுக்குப் போனோம். எங்கப்பனோட கூடப் பொறந்தவ, அங்க வேற வகையறாவுல வாழ்க்கைப்பட்டவ. கொடுக்காப்புளி உரிச்சிட்டே உன்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இன்னாத்துக்குடா இதெல்லாம் கேக்குறீங்க? எங்கப்பன் கோலானுக்குப் பொறந்தவனே இல்லையே"ன்னா. அவ்ளோ சாதாரணமா, உப்பு இல்லன்னு சொல்ற மாதிரி சொன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மீதியையும் அவளே சொன்னா. பஞ்ச காலத்துல மலைக்குக் கீழ கலசப்பாக்கம் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க வழியில செத்துப் போக, நடக்கக்கூடத் தெரியாத ஒரு கொழந்தையைப் புள்ள இல்லாத கோலான் வூட்டுக்காரங்க தூக்கிட்டு வந்திருக்காங்க. அதுதான் எங்க தாத்தா. சாமிக் கல்லு முன்னாடி வச்சு, பால் ஊத்தி, கோலான்னு பேரைக் குடுத்திருக்காங்க. அப்படிக் குடுத்த பேரை அதுக்கப்புறம் எவனும் புடுங்க முடியாது. அந்த வகையறாக்காரன் எவனும் அந்தக் கொழந்தையை வந்தவன்னு வாயால சொல்லக்கூடாது, சொல்ல மாட்டோம்னு அத்தனை பேரும் கல்லைத் தொட்டிருக்காங்க. அந்தக் கொழந்தை வழியில வந்த ஆம்பளை தானா வந்து, திருவிழாவுல பொங்கப் பானை வைக்கிற வரிசையில இருந்து தன் பானையை எடுத்தாத்தான் அந்தப் பேரு போகும். "அப்ப நீ மட்டும் எப்படி அத்தை சொல்ற?"ன்னு கேட்டேன். "நான்தான் கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே அந்தப் பேரை விட்டுட்டேனே. எனக்கு இன்னாடா சத்தியம்?"னு சிரிச்சா. திரும்பி வர்ற வழியில நீ வண்டிக்குள்ளயே குதிச்ச. "அப்பா, அப்ப நாம கோலான் இல்லப்பா! நாம கோலானே இல்ல!"ன்னு கத்தின. உனக்கு அவ்ளோ சந்தோசம். எனக்கு ரெண்டு தடவை கியர் மாறி விழுந்துச்சு. நீ கவனிக்கல. உன் வயசுல நானும் கவனிச்சிருக்க மாட்டேன்.

அந்தப் பேரை விட்டுடுறதுக்கு நான் ஒத்துக்க நாளாச்சு. பேருதானேன்னு நீ சொல்லிட்ட. உனக்கு அது ரேவதிக்கும் உனக்கும் நடுவுல இருக்கிற வேலி. எனக்கு அது எங்கப்பனைப் பொதைச்ச எடம். ஜீப்புல ஏறுற சனத்துல பாதி என்னைச் சித்தப்பா, பெரியப்பா, அண்ணேன்னு கூப்புடுறதுக்குக் காரணம் அது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தோள் குடுக்க யாரு வருவான்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல, அந்தப் பேரு இருந்ததால. இதையெல்லாம் உங்கம்மாகிட்ட பொலம்பினேன். அவ களை கொத்திட்டே கேட்டா, நிமிரக்கூட இல்ல. "எங்கப்பன் வூட்டுப் பேரை விட்டுட்டுத்தான் உன்கூட வந்தேன். அன்னிக்கு எனக்கு வலிச்சுதான்னு யாராவது கேட்டீங்களா? ஒரு புள்ள இருக்குது நமக்கு. அவனுக்கு மேல இன்னா பேரு?"ன்னா. இத்தனை வருசம் கூட இருந்தவ, அன்னிக்குத்தான் அதைச் சொன்னா. அதுக்கப்புறம் நானும் பக்கத்துல உக்காந்து களை கொத்தினேன்.

ஆடித் திருவிழா வந்துச்சு. நீயும் இருந்த, அதனால சுருக்கமாச் சொல்றேன். கோலான் வூடு எத்தனையோ அத்தனை பானையும் கல்லுக்கு முன்னாடி ஒரே வரிசை, மூத்த வூடு மொதல்ல. நம்ம பானைக்கு அடுத்தது முருகேசன் பானை. பொங்கி வர்ற நேரம், ஊர்க்கவுண்டர் தேங்கா ஒடைக்கப் போறாரு, நான் முன்னாடி வந்து நின்னேன். "இந்தப் பேரு எங்களுக்குக் குடுத்தது. எங்க தாத்தா கீழ இருந்து வந்த புள்ள. நாங்க பொறந்த கோலான் இல்ல. பேரை இங்கயே வச்சுடுறேன்"னேன். மேளம் நின்னுபோச்சு. ஊர்க்கவுண்டர் கிட்ட வந்து, "யோவ், யோசிச்சுப் பேசு, யாரும் உன்னைக் கேக்கலையே"ன்னாரு. எனக்கு யோசிச்சா கால் வராதுன்னு தெரியும். குனிஞ்சு பானையைத் தூக்கினேன், துணியெல்லாம் இல்ல, கொதிக்கிற பானை. இடது கையில தோல் உரிஞ்ச எடம் இன்னும் வழவழன்னுதான் இருக்குது, கியர் போடுறப்ப தெரியும். பானையைத் தள்ளி வச்சுட்டு, அந்த வேகத்துலயே முருகேசன் பக்கம் திரும்பினேன். "இப்ப நான் உனக்குப் பங்காளி இல்ல. என் புள்ளைக்கு உன் பொண்ணைக் கேக்குறேன்"னேன்.

அவன் என்னையே பார்த்துட்டு நின்னான். சுத்தி அத்தனை கண்ணும் அவன் மேல. "அண்ணே"ன்னு ஆரம்பிச்சவன் நிறுத்திட்டான். அப்புறம், "பங்காளியா இருந்தா உங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க முடியாது. பங்காளி இல்லன்னா நீங்க யாருங்க? எந்தப் பேருக்கு நான் பொண்ணைக் குடுக்கட்டும்? நாளைக்கு என் பேரப்புள்ள எந்த வரிசையில பானை வைக்கும்?"னு கேட்டான். அந்தப் பேரு இருந்தா நீ அவளுக்கு அண்ணன், இல்லன்னா நீ யாரோ. ரெண்டுக்கும் நடுவுல நிக்க எடமே இல்லன்னு எனக்கு அந்த நிமிசம்தான் ஒறைச்சுது. முருகேசன் கல்லைத் தொட்டு, குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டான். ரேவதி பொம்பளைங்க நடுவுல நின்னுட்டு இருந்தா. அவ நம்ம பானை இருந்த எடத்தையே பார்த்துட்டு இருந்தா. வூட்டுக்கு வந்து நீ என்னை ஒரே ஒரு கேள்வி கேட்ட. "முன்னாடியே அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாப்பா?" காலையில பஸ்.

நீ போனப்புறம் ஒரு பெரிய கூத்து. என்னை எப்படிக் கூப்புடுறதுன்னு யாருக்கும் தெரியல. சித்தப்பான்னு வாயெடுத்து நிறுத்திக்கிறாங்க. "இந்தாங்க, எறங்கணும்"ங்கிறாங்க, "டிரைவரே"ங்கிறாங்க. ஒருத்தரும் வெறுப்பா நடந்துக்கல, அதையும் சொல்லணும். சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டி மனசு ஆறியிருப்பேன். மரியாதையா, தள்ளி உக்காந்துட்டு வர்றாங்க. நீ பேர் பெத்தவங்களைத் தேடினியே, இப்ப மலை முழுக்க என்னைத் தெரியும். பேரை வச்சுட்டுப் போனவன்னு சொன்னா சின்னப் புள்ளைங்ககூட நம்ம வூட்டைக் கை காட்டுது. ஆட்டை ரெண்டு தடவை வித்தவருக்கு அடுத்த எடம் எனக்குத்தான்.

ஐப்பசியில ஒருநாள் உங்கம்மாகிட்டகூடச் சொல்லாம கலசப்பாக்கம் போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காத. சந்தை கூடியிருந்துச்சு. ஒரு ஓரமா நின்னு, போறவங்க வர்றவங்க மூஞ்சியைப் பார்த்தேன். எவன் மூக்காவது என் மூக்கு மாதிரி இருக்குதா, எவனாவது உன்னை மாதிரி தோளைச் சாய்ச்சு நடக்குறானான்னு பார்த்தேன். நெல்லு மூட்டை தூக்கிட்டுப் போன ஒருத்தன் பின்னாடி கொஞ்ச தூரம் நடந்தேன்கூட. அவன் திரும்பி, "இன்னாங்க, யாரைத் தேடுறீங்க?"ன்னு கேட்டான். யாரைத் தேடுறேன்னு சொல்லுவேன்? ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, உங்கம்மாவுக்கு ஒரு கிலோ கத்திரிக்கா வாங்கிட்டு மலை ஏறிட்டேன். அதை அவ நம்பல. கத்திரிக்காய்க்காகவா அவ்ளோ தூரம் போனன்னு இன்னிக்கும் கேக்குறா.

இனிமேதான் உனக்குத் தெரியாதது. உக்காந்து படி. கார்த்திகை கடைசியில முருகேசன் தனியா என் ஜீப்புல ஏறினான். திருவிழாவுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் மொத தடவை. முன் சீட்டுல உக்காந்தான், வேற சவாரி இல்ல. ரேவதிக்குப் புதூர்நாட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துட்டோம், தையில கல்யாணம், வேற வாயில கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு வந்தேன்னான். நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். எறங்கல. "ஏண்ணே, அதுக்கு மொத நாள் சாயங்காலம் என் வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னான். நீ கேட்ட அதே கேள்வி. "எங்க மாமியார் ஊர்ல புள்ள இல்லாத ஒரு வூடு இருக்குது, வேற வகையறா. சக்தி ரத்தத்துல கோலான் இல்லன்னு என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, நானே அவங்க கால்ல விழுந்து, உங்க தாத்தாவுக்குப் பண்ண மாதிரியே சக்திக்குப் பால் ஊத்தி அவங்க பேரைக் குடுக்க வச்சிருப்பேன். உங்க பானையும் இருந்த எடத்துலயே இருந்திருக்கும். அவ்ளோ சனத்துக்கு நடுவுல கேட்டா நான் இன்னாண்ணே சொல்லுவேன்? சாமி முன்னாடி வாயை விட்டுட்டேன். எடுக்க முடியாது"ன்னு சொல்லி அழுதான் நைனா. தோள்ல போட்டிருந்த துண்டை வாயில அடைச்சிட்டு அழுதான். நானும் அழுதேன். பின்னாடி வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு ஒதுங்கிப் போனான்.

ஆக, வழி இருந்துச்சு. என் பேரும் போயிருக்காது, நீயும் போயிருக்க மாட்ட, அவளும் போயிருக்க மாட்டா. ஒரு சாயங்காலம், ஒரு வூட்டு வாசல், ஒரு வார்த்தை. நான் உனக்காகப் பெருசா ஒண்ணு பண்றேன்ங்கிற மப்புல இருந்தேன். கொதிக்கிற பானையைத் தூக்குறவனுக்குப் பக்கத்து வூட்டுக் கதவைத் தட்டத் தோணல. நீ என்மேல வச்ச கோவம் நியாயம்தான். இதை நான் சொல்லாமயே விட்டிருக்கலாம், உனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா கடல் தாண்டி வேலைக்குப் போறவன் நீ. அங்க உனக்கு யாருகிட்டயாவது பெருசா ஒண்ணு கேக்க வேண்டி வரும். நாலு பேரு பார்க்கக் கேக்காத. தனியாப் போய், உக்காந்து, மெதுவாக் கேளு. முடியாதுன்னு சொல்றதுக்கும் அப்புறம் மனசு மாறுறதுக்கும் அந்த மனுசனுக்கு எடம் குடு. எனக்கு வந்த புத்தி இது ஒண்ணுதான், இதையும் உன் வாழ்க்கையைக் குடுத்து வாங்கிட்டேன். முருகேசனை மனசுல திட்டிட்டு இருந்தா விட்டுடு. அப்புறம், ரேவதிக்குப் போன் போடாத. ஊரை விட்டுப் போறப்ப நீ கூப்புட்டும் அவ ஏன் உன்கூட வரலன்னு உனக்கு இன்னும் வலி இருக்கும். பானையைத் தூக்கினப்புறம் ஒரு மனுசன் எப்படி நிக்கிறான்னு அவ கண்ணால பார்த்தா. அவ அப்பனை அப்படி நிக்க வைக்க அவளால முடியல. அதுக்குமேல அவகிட்ட எதையும் எதிர்பார்க்கிறது நியாயம் இல்ல.

அவ கல்யாணத்துக்கு முந்தின வாரம் மில்லுல கடைசி நாள். சாயங்காலம் எப்பவும் போல வண்டியில ஏறினா. திருவிழாவுக்கு அப்புறம் அவளும் என்னை எதுவும் சொல்லிக் கூப்புடுறது இல்ல, ஏறுவா, எறங்குவா. அன்னிக்கு எல்லாரும் எறங்குற வரைக்கும் உக்காந்திருந்தா. அவ எறங்குற எடம் வந்துச்சு. எறங்கி, சுத்திட்டு முன்னாடி வந்து, என் பக்கத்துக் கதவைப் புடிச்சிட்டு நின்னா. கையில மில்லுல குடுத்த சாமைப் பை. அதை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினா. "மாமா, போய்ட்டு வர்றேன்"னா.

மாமான்னு சொன்னா நைனா. பொறந்ததுல இருந்து பெரியப்பான்னு கூப்புட்ட வாய். உன்னைக் கட்டியிருந்தா அவ என்னை இன்னான்னு கூப்புட்டிருப்பாளோ, அதைச் சொன்னா. ஒரே ஒரு தடவை. சுத்தி யாரும் இல்ல. பதிலுக்கு, போய்ட்டு வாம்மான்னாவது நான் சொல்லியிருக்கணும், தலையை மட்டும் ஆட்டினேன். அவ ஓடைப் பக்கமா எறங்கிப் போயிட்டா. உங்கம்மாகிட்ட இதை இது வரைக்கும் சொல்லல. இப்ப படிக்கிறப்பத்தான் அவளுக்கும் தெரியும்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். கோலான்னு போடாத. அதை எங்க தாத்தாவுக்குக் குடுத்தவங்க நல்லவங்க, நான் திருப்பிக் குடுத்துட்டேன், திரும்பவும் எடுக்கக் கூடாது. கலசப்பாக்கத்துல நமக்கு இன்னா பேரு இருந்துச்சோ அது யாருக்கும் தெரியாது. கீழ் நாட்டுல நெறைய பேரு பண்ற மாதிரி என் பேரைப் போடு. அப்பன்காரன் பேருன்னு அதுல இன்னொரு கட்டமும் இருக்கும், அதுலயும் அதே பேருதான் வரும். ஒரே பேரு ரெண்டு எடத்துல வருதே, தப்பா எழுதிட்டியான்னு யாராவது கேட்டா, தப்பு இல்லைங்க, எங்க வூட்ல அவ்ளோதான் இருக்குதுன்னு சொல்லு.